மாடல் காரைப் பழைய வண்டி ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்த தம்பி ஒருவன் ஷூ பெட்டிக்குள் பனியன் துணி சுற்றி ஒரு மாடல் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். 1/24 அளவு ஃபோக்ஸ்வேகன் பீட்டில், பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் டாமியா கம்பெனி கிட், 1966-ஆம் வருட வண்டி. மூன்று மாத உழைப்பு. பெயிண்ட் அருமையாக வந்திருந்தது, டெக்கால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக அடித்த கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, கூரையிலிருந்து பானட் வரை பால் கொட்டிக் காய்ந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. "அண்ணா, பாலிஷ் போட்டா போயிடுமா?" என்று கேட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருடங்களுக்கு முன் இதே தப்பைச் செய்து ஒரு வண்டியையே இழந்தவன் நான்.

பாகத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், பிரைமர் போடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை நான் சொல்லப்போவதில்லை.

ஏ.சி. ரூமிலிருந்து நேராக பால்கனிக்கு

தூசி படக் கூடாது என்று பாடியை ஏ.சி. ரூமில் வைத்திருப்போம். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் லாக்கர் (தின்னர் கலந்த, சட்டென்று உலரும் பூச்சு) ஸ்ப்ரேயை அடிப்போம். தம்பியும் அதைத்தான் செய்திருக்கிறான், அதுவும் நவம்பர் மாதத்தில். ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறதே, அதேதான் பிளாஸ்டிக் மேலும் நடக்கிறது. வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மேலும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியும். உங்கள் ஏ.சி. 23-ல் ஓடியிருந்தால், ஸ்ப்ரே பட்டனை அமுக்குவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் அங்கே உட்கார்ந்தாயிற்று.

லாக்கர் அதை இன்னும் மோசமாக்கும். கையில் சானிடைசர் ஊற்றினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா, லாக்கரில் இருக்கும் தின்னரும் அதே வேகத்தில் ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கிறது, ஸ்ப்ரே கேனிலிருந்து வரும் வாயுவும் தன் பங்குக்குக் குளிர்விக்கிறது. அதனால்தான் ஏ.சி. பக்கமே போகாத பாடி கூட மழைநாளில் வெளுக்கிறது. பெயிண்டுக்குள் மாட்டிக்கொண்ட அந்த ஈரம்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிவது.

ஆனால் வண்டியைக் கொல்வது இந்த வெளுப்பு இல்லை, அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில் நாம் செய்வது. பதற்றத்தில் மேலே இன்னொரு கோட் அடிக்கிறோம். ஈரமாக இருக்கும்போது வெள்ளை மறைந்த மாதிரி இருக்கும், அப்பாடா என்று இருக்கும், பத்து நிமிடத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வரும். நான் அன்றைக்கு மூன்று கோட் அடித்தேன். மூன்றாவதில் டெக்கால் ஓரம் கரைந்து சுருண்டது. மொத்தப் பெயிண்டையும் உரித்தேன், உரித்த இடத்தில் கதவுக் கோடுகள் மழுங்கியிருந்தன, அந்த டெக்கால் தாள் மறுபடி எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது, ஏனென்றால் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே அந்த வண்டி பிழைத்திருக்கும்.

வெளுத்துவிட்டால் நிறுத்துங்கள். உலர்ந்த ரூமில் ஒரு முழு நாள் விடுங்கள், லேசான வெளுப்பு சில சமயம் தானே குறையும். குறையாவிட்டால், மெதுவாக உலரவைக்கும் ரிடார்டர் கலந்த லாக்கர் தின்னரை, ஈரப்பதம் குறைந்த ஒரு நாளில், ஏர்பிரஷ்ஷால் (காற்றால் பெயிண்டை ஊதும் சின்னக் கருவி) பனி மாதிரி தூரத்திலிருந்து ஊதுங்கள். மேல் படலம் கொஞ்சம் இளகி ஈரம் வெளியேறும். டெக்கால் இருக்கும் இடத்தில் இன்னும் குறைவாக. இரண்டு மூன்று கோட்டுக்கு அடியில் மாட்டியிருந்தால் 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து இறக்குவதுதான் வழி, பாலிஷ் அங்கே வேலைக்கு ஆகாது.

அடுத்த முறைக்கு ஒன்று: வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி ஸ்ப்ரே அடிக்கும் இடத்தில் வையுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் லாக்கரைத் தொடுவதில்லை. பாடியையும் கேனையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். சென்னையில் எனக்குச் சரிப்பட்டு வருவது மழை ஓய்ந்த பிறகு, ஜனவரிக்கு மேல், பனி விலகிய காலை நேரம், கடல்காற்று கிளம்புவதற்குள்.

துருவை இஷ்டத்துக்குத் தூவுவது

தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் துரு வரும். பீட்டிலில் அது மட்கார்டும் பாடியும் சேரும் இடத்துப் பட்டையான பீடிங் ஓரம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், பின் சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் தட்டு, முன்னால் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம். தம்பி துரு என்று எஞ்சின் முழுக்க ஆரஞ்சு பூசியிருந்தான். பீட்டில் எஞ்சினின் உடல் மெக்னீசியக் கலவை, அதில் செந்துரு பிடிக்காது, சாம்பல் நிறமாக மங்கி எண்ணெய் அழுக்கு ஏறும், அவ்வளவுதான்.

நாம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வீடியோக்களில் நிறைய, பனி கொட்டும் ஊர்களில் எடுத்தவை. அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுகிறார்கள், வண்டி அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும். இங்கே உப்பு காற்றில் வருகிறது. கடலோரம் இருக்கும் பெசன்ட் நகரிலோ பட்டினப்பாக்கத்திலோ வருடக்கணக்கில் நகராமல் நிற்கும் வண்டியைப் போய்ப் பாருங்கள். பானட்டைத் தடவினால் வெயிலில் செத்த பெயிண்ட் சுண்ணாம்பு மாதிரி விரலில் ஒட்டும், கண்ணாடி ரப்பரின் கீழ் ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாகத் துரு.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் பொறுக்கிய ஒரு கதவுத் துண்டு என் மேஜையில் எப்போதும் இருக்கும். நடுவில் கிட்டத்தட்ட கறுப்பான பழுப்பு, அதைச் சுற்றி ஆரஞ்சு, பிறகு நூல் கனத்துக்கு பிரைமரின் சாம்பல் கோடு, அதற்கப்புறம்தான் தூக்கிக்கொண்டு நிற்கும் பெயிண்ட். இந்த வரிசை மாறினால் துரு துருவாகத் தெரியாது. ஆரஞ்சை மட்டும் வைத்தால் சாம்பார் சிந்தின மாதிரி இருக்கும்.

நிஜ மண்

மாடியிலிருந்து அள்ளிய மண்ணை அப்படியே பூசாதீர்கள். 1/24-ல் 1 மில்லிமீட்டர் மணல் என்பது 24 மில்லிமீட்டர் ஜல்லி. சாக்பீஸ் மாதிரி வரும் பேஸ்டல் குச்சியை உப்புத்தாளில் தேய்த்தால் போதுமான அளவு மெல்லிய தூள் கிடைக்கும். பெயிண்ட் உதிர்ந்த புள்ளிகளுக்கும் இதே கணக்குதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கின வண்டி மாதிரி செய்ய ஆசைப்பட்டால், சேற்றுக் கோடு பாடியின் வளைவோடு போகக் கூடாது, தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஓட வேண்டும், வண்டி சாய்ந்து நின்றிருந்தாலும் கூட.

கறுப்பு வாஷ்

வாஷ் என்பது அழுக்கும் நிழலும் தெரிய இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட். அதில் கறுப்பு வேண்டாம். அடர் பழுப்பு.

கிளியர் இல்லாமல் எனாமல் வாஷ்

நடுவில் கிளியர் இல்லாமல் எனாமல் வாஷை எனாமல் பெயிண்ட் மேலேயே பூசினால், துடைக்கும்போது அடியிலிருக்கும் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். பெயிண்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில், குறிப்பாகச் சக்கர அச்சு மாட்டும் இடத்தில், வாஷைத் தேங்க விட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஹேர்ஸ்ப்ரே முறை

துரு நிறத்தின் மேல் ஹேர்ஸ்ப்ரே, அதற்கு மேல் பெயிண்ட் அடித்து, தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து மேல் பெயிண்டை உதிர்க்கும் முறை இது. மேல் பெயிண்ட் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்காக இருக்க வேண்டும். லாக்கர் என்றால் பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தாலும் உதிராது.

கண்ணாடிக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ

ஆவி படிந்து கண்ணாடி மங்கும். வெள்ளைப் பசை போதும்.

தம்பியின் பீட்டில் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. நல்லவேளை, ஒரே கோட்டோடு நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறான், அதனால் தின்னர் ஊதினால் தெளிந்துவிடும் என்று நம்புகிறேன். ஜனவரி வரை பாடியைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை சேஸியும் டயரும் அவன் வீட்டில், எஞ்சினில் பூசிய ஆரஞ்சை எடுக்கும் வேலையோடு.