பழைய கலண்டரில் நட்சத்திரம், கொப்பித் தாளில் விளக்குக் கூடு: விடுமுறைக்குக் கடதாசி வேலை

டிசம்பர் விடுமுறை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் மழையும் கூடவே வந்து நிற்கும். முற்றத்தில் இறங்க வழியில்லாத பிள்ளைகள் ஃபோனைக் கேட்டு அரிப்பார்கள். வேலையால் வந்து களைத்திருக்கும் உங்களுக்கோ மணிக்கணக்காய்க் கூட இருக்க ஏலாது. அதற்கு ஒரே வழிதான். அளந்து வெட்டும் வேலையை முதல்நாள் இரவே நீங்கள் முடித்து வையுங்கள். மடிப்பதும் ஒட்டுவதும் பிள்ளைகளின் பாடு.

கடைக்குப் போகவும் தேவையில்லை. முடிகிற வருசத்துக் கலண்டர், பாதி எழுதிய கொப்பி, பழைய பேப்பர், கத்தரிக்கோல், அடிமட்டம், தையல் நூல் எல்லாம் வீட்டிலேயே கிடக்கும்.

முதலில் பசை

ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் வைத்துத் துழாவுங்கள். கூழ்ப் பதம் வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். நறுவிலிப் பழத்தைப் பிதுக்கிப் பட்டம் ஒட்டிய தலைமுறைக்கு இதுவே ஆடம்பரம்! மழைக்குளிரில் இந்தப் பசை காயச் சுணங்கும். ஆகவே மெல்லிசாகப் பூசி, ஒட்டிய இடத்தில் உடுப்புக் கிளிப் ஒன்றைப் போட்டுவிடுங்கள். மிஞ்சியதை வைத்திருந்தால் புளித்துவிடும், கரப்பானும் தேடி வரும். அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

எட்டுக்கூர் நட்சத்திரம்

நத்தாருக்கு வாசலில் தொங்கவிட இதைவிட மலிவான நட்சத்திரம் கிடையாது. கலியாணக் காட் மட்டையும் அழகுதான், ஆனால் மடிக்கும்போது வெடித்துவிடும். கலண்டர் தாளின் தடிப்பே சரி.

1. 15 சென்ரிமீற்றர் சதுரமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். இதுதான் இரவு வேலை.

2. நிறப்பக்கம் உள்ளே வரும்படி சதுரத்தை நேர்பாதியாக மடித்து விரியுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. இப்போது ஒரு கூட்டல் குறி விழுந்திருக்கும்.

3. இனி நிறப்பக்கம் வெளியே வரும்படி மூலைக்கு மூலை மடித்து விரியுங்கள், இரண்டு தரம். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இங்கே அசட்டை செய்தால் நட்சத்திரம் சப்பையாகத்தான் வரும்.

4. கூட்டல் குறியின் நான்கு கோடுகளிலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பாதித் தூரம் மட்டும் வெட்டுங்கள். கிட்டத்தட்ட நாலு சென்ரிமீற்றர் வரும். வெட்டும் இடத்தை முன்கூட்டியே பென்சிலால் குறித்துக் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளையே வெட்டும்.

5. ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு பக்கத்திலும் இப்போது செட்டை போல இரண்டு துண்டு இருக்கும். இரண்டையும் பின்பக்கமாக மூலைக்கோட்டை நோக்கி மடித்து, ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டுங்கள். தட்டைத் தாள் கூராக எழும்பி நிற்கும். பிள்ளைகளுக்குப் பிடித்த கட்டம் இதுதான். முதல் கூர் எழும்பியதும் மற்ற மூன்றுக்கும் உங்களைக் கிட்ட விடமாட்டார்கள்.

6. மற்றச் சதுரத்தையும் இப்படியே செய்து, இரண்டையும் முதுகோடு முதுகு வையுங்கள். ஒன்றின் கூர் மற்றதன் இடைவெளியில் வரவேண்டும். நடுவே நூலை வைத்து, தொடும் இடங்களில் ஒட்டிவிடுங்கள்.

கொப்பித் தாள் விளக்குக் கூடு

இது சின்னவர்களுக்கு. ஏ4 அளவுத் தாளின் குறுகிய பக்கத்தில் இரண்டு சென்ரிமீற்றர் பட்டியொன்றை வெட்டி வையுங்கள், அது கைபிடி. மீதித் தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டாக வெட்டிக்கொண்டு போங்கள். எதிர் ஓரத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். விரித்து, வெட்டுகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி உருளையாகச் சுற்றி ஒட்டி, மேலே கைபிடியை வையுங்கள். மெல்ல அமுக்கினால் வயிறு தள்ளும். உள்ளே வேறு நிறத்தாளைச் சுருட்டி வைத்தால் இன்னும் எடுப்பு. சிட்டி விளக்கு, மெழுகுதிரி ஒன்றும் உள்ளே வேண்டாம், பற்றிக்கொள்ளும். பற்றரியில் எரியும் சின்ன விளக்கு போதும்.

மழை விட்டதும் ஒரு வால் பட்டம்

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரும் பட்டங்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அதே மாதிரி கேட்பார்கள். அந்தக் கலை வேறு, அதற்குக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும். நமக்கு 30 சென்ரிமீற்றர் சதுர டிசு பேப்பரும் இரண்டு தென்னை ஈர்க்கும் போதும். ஒரு ஈர்க்கை மூலைக்கு மூலை நேராக ஒட்டுங்கள், மற்றதை வில்லாக வளைத்துக் குறுக்கே ஒட்டுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்று, நேர் ஈர்க்கின் கீழ்ப்பக்கத்தில் ஒன்று என நூல் கட்டி, இரண்டையும் சேர்த்து முடிந்தால் முச்சை தயார்; ஏற்றும் நூலை இந்த முடிச்சில்தான் கட்டவேண்டும். பழைய பருத்திச் சேலைக் கரையைக் கிழித்து வாலாகக் கட்டுங்கள். பட்டம் சுழன்று குத்தினால் வாலைக் கூட்டுங்கள், எழும்பாமல் இழுபட்டால் குறையுங்கள். வயலோ கடற்கரையோ, மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்து ஏற்றுங்கள்.