அமெரிக்க லாபியிஸ்ட் ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிறாரா? நாமே பார்க்கலாம்

வாஷிங்டனில் காசு வாங்கிக்கொண்டு எம்.பி.க்களையும் அதிகாரிகளையும் பார்த்துப் பேசி, ஒரு கம்பெனிக்காகக் காரியம் முடித்துக் கொடுப்பவர்தான் லாபியிஸ்ட். அது அங்கே சட்டப்படியான தொழில். ஆனால் 1995-இல் வந்த லாபி வெளிப்படுத்தல் சட்டத்தின்படி பதிவும் செய்ய வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். அந்தப் படிவங்கள் எல்லாம் செனட் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

படி 1: அவர் பதிவு செய்ய வேண்டியவரா? ஒரே வாடிக்கையாளருக்காக ஒருமுறைக்கு மேல் தொடர்பு கொண்டிருக்க வேண்டும், அதோடு மூன்று மாதத்தில் அந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த நேரத்தில் 20 சதவீதமாவது லாபி வேலையாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பெரிய ஓட்டை இதுதான். "நான் ஆலோசனை மட்டும்தான் சொன்னேன்" என்று 19 சதவீதத்தில் நின்றுகொள்பவரை வெளியிலிருந்து பிடிக்கவே முடியாது.

படி 2: தேதிகளைப் பாருங்கள். பதிவுப் படிவம் எல்.டி.-1, வேலை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 45 நாள் கெடு. அப்புறம் காலாண்டு அறிக்கை எல்.டி.-2, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் 20-ஆம் தேதி. (விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாள்.) மார்ச் 1-இல் வேலை ஒப்புக்கொண்டவர் ஏப்ரல் 15-க்குள் பதிய வேண்டும், ஐந்தே நாளில் முதல் காலாண்டு அறிக்கையும் போட வேண்டும். புதியவர்கள் வழுக்குவது இங்கேதான். வேலையே நடக்காத காலாண்டுக்கும், பதிவை முடித்துக்கொள்ளாத வரை, அறிக்கை உண்டு.

படி 3: நன்கொடை. இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். அரசியல்வாதிகளுக்குக் கொடுத்த நன்கொடையைக் காட்டும் எல்.டி.-203 படிவத்தை நிறுவனம் தனியாகவும் ஒவ்வொரு லாபியிஸ்டும் தனியாகவும் ஜூலை 30-க்குள்ளும் ஜனவரி 30-க்குள்ளும் போட வேண்டும். அதை ஒரு பக்கம் திறந்துவைத்து, கூட்டாட்சித் தேர்தல் ஆணையத் தளத்தில் அதே பெயரைத் தேடுங்கள். வேட்பாளருக்குப் போன தொகை ஆணையத்தில் இருக்கிறது, படிவத்தில் இல்லையா? குறித்துக்கொள்ளுங்கள். அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. ஆண்டுதோறும் மாதிரிக்குச் சில படிவங்களை எடுத்து இதே ஒப்பீட்டைத்தான் செய்கிறது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஊரையும் வேலையிடத்தையும் சரிபாருங்கள்; திருத்திய படிவம் பின்னால் வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்: எந்த எம்.பி.யைச் சந்தித்தார் என்பது எல்.டி.-2-இல் இருக்காது. செனட், பிரதிநிதிகள் அவை, இன்ன துறை என்று மட்டும்தான் இருக்கும்.

படி 4: தவறு தெரிந்தால் என்ன நடக்கும்? செனட் செயலரும் பிரதிநிதிகள் அவை எழுத்தரும் முதலில் கடிதம் அனுப்புவார்கள். 60 நாளில் சரியான பதில் வராவிட்டால் விஷயம் வாஷிங்டன் மாவட்ட அரசு வழக்கறிஞருக்குப் போகும். தெரிந்தே சரிசெய்யாமல் இருந்தால் அபராதம் 2 லட்சம் டாலர் வரை. ஊழல் நோக்கத்தோடு செய்தால் 5 ஆண்டு வரை சிறை.

நடைமுறையில்? இந்தச் சட்டத்தில் குற்ற வழக்கு வரை போன முதல் ஆள் ஜாக் ஆப்ரமாஃப் என்ற லாபியிஸ்ட், அதுவும் 2020-இல், சட்டம் வந்து 25 வருஷம் கழித்து. அவருடைய பழைய ஊழலைப் பார்த்துத்தான் 2007-இல் இதே சட்டத்தைக் கடுமையாக்கினார்கள்.