தாத்தாவின் கடிகாரம் எந்த ரகம்?

தாத்தாவின் பாக்கெட் கடிகாரத்தை மினிட் ரிப்பீட்டர், அதாவது நிமிடம்வரை மணியடித்து நேரம் சொல்லும் ரகம் என்றே நம்பியிருந்தோம். பக்கவாட்டுக் கட்டையைத் தள்ளினால் கணீரென்று நேரம் சொல்லும். சில மாதங்களாகத் தகரத்தைத் தட்டியதுபோல் ஒலித்தது. புதுச்சேரி காந்தி வீதியில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன்.

“முதலில் என்ன ரகம் என்று பார்ப்போம், தம்பி” என்றவர், முள்ளை 12.59-ல் வைத்தார். மினிட் ரிப்பீட்டரானால் மணிக்கு 12 அடி, கால் மணிகளுக்கு 3 இரட்டை அடி, மிச்ச நிமிடங்களுக்கு 14 அடி. ஐந்து நிமிட ரிப்பீட்டர் பெரும்பாலும் மணிக்குப் பின் 11 அடிக்கும். கால்மணி ரிப்பீட்டர் இரட்டை அடிகளோடு நின்றுவிடும். எங்களுடையது அதற்கும் மேல் ஒரே ஓர் அடி அடித்து ஓய்ந்தது. அரைக்கால் ரிப்பீட்டர்! அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. ஒரு மணியில் ஏழரை நிமிடம். கால் மணி கடந்து ஏழரை நிமிடம் தாண்டினால்தான் அந்தக் கடைசி அடி விழும். நம் பழைய வாய்பாட்டுச் சொல் இத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

பின்மூடியைத் திறந்தோம். இயந்திரத்தைச் சுற்றி வளைந்திருக்கும் ஒலிக்கம்பிக்கும் கூட்டின் விளிம்புக்கும் நடுவே மெல்லிய தாளைச் செருகினார். ஓரிடத்தில் தாள் நுழையவில்லை; கம்பி அங்கே கூட்டைத் தொட்டதால்தான் தகர ஒலி. கம்பியை வளைக்கவே கூடாது, ஒடிந்துவிடும் என்று எச்சரித்தபடி, அதன் அடித் திருகைச் சற்றுத் தளர்த்தி மயிரிழை நகர்த்தி இறுக்கினார். தாள் தடையின்றிச் சுற்றிவந்தது.

கட்டையைக் கடைசிவரை தள்ளினேன். வீதி இரைச்சலிலும் பன்னிரண்டு அடியும் தெளிவாகக் கேட்டன.