கான்டோனீஸில் 'லெங்': சரியாகச் சொல்லிப் பழகலாம்

கான்டோனீஸ் ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழி. அங்கே சந்தையில் காய்கறி விற்பவர் கீரையைக் காட்டி 'லெங்' என்பார். வாங்க வந்த பெண்ணையும் 'லெங் லோய்' (அழகான பெண்) என்றே கூப்பிடுவார். அகராதி இதற்கு 'அழகான' என்று பொருள் சொல்லும். கீரைக்கு வரும்போது அது 'தரமான, நல்ல' என்று ஆகிவிடும். இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

முதலில் ஒலி. 'தங்கம்' என்று சொல்லத் தொடங்கி 'தங்' என்பதோடு நிறுத்துங்கள். ககரம் வெளியே வரக்கூடாது. 'லெங்' முடிவதும் அப்படித்தான். குரல் ஏறாமல் இறங்காமல் நடுச் சுருதியிலேயே நிற்கட்டும். இதற்கு இரண்டு மூன்று நாள் செலவழித்தாலும் தகும். 'லெங் சாய்' என்றால் அழகான இளைஞன். அந்த 'லெங்'கை உச்சச் சுருதிக்கு ஏற்றிவிட்டால் 'பொடிப்பயல்' என்கிற இளக்காரம் வந்துவிடும். கோலாலம்பூர், ஈப்போ பக்கம் வளர்ந்த தமிழர்களுக்கு 'லெங் சாய்' பழகிய சொல்தான். அவர்களும் சுருதியை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அடுத்து வாக்கியம். "இந்தப் பூ அழகு" என்கிறோம், 'ஆகும்' சேர்ப்பதில்லை. கான்டோனீஸிலும் அதற்கான 'ஹை' இங்கே வராது. ஆனால் 'ஹோ' வேண்டும்:

நி தோ ஃபா ஹோ லெங். (இந்தப் பூ அழகு.)

'ஹோ' என்றால் 'ரொம்ப'. இந்த இடத்தில் அதற்கு அவ்வளவு அழுத்தம் இல்லை, வாக்கியத்தை நிற்க வைக்கிறது, அவ்வளவுதான். அதை விட்டுவிட்டால் வேறொன்றோடு ஒப்பிடுவது போலக் கேட்கும்.

மறுப்புக்கு 'ம் லெங்'. நமக்குத்தான் இதில் கவனம் வேண்டும்! வாய் திறக்காமல் 'ம்' என்றால் நமக்குச் சம்மதம், அவர்களுக்கு 'இல்லை'. 'லெங்', 'ம் லெங்' இரண்டையும் கோத்தால் கேள்வி: 'லெங் ம் லெங் ஆ?' (அழகா, இல்லையா?). ஒப்பிட 'க்வோ' சேருங்கள்: 'நி கோ லெங் க்வோ கோ கோ', அதாவது இது அதைவிட அழகு.

அப்புறம் சாப்பாடு. 'லெங் தோங்' என்றால் நல்ல பொருள்கள் போட்டுப் பக்குவமாகக் காய்ச்சிய சூப். குடித்துப் பார்த்து ருசியைப் பாராட்ட 'லெங்' பொருந்தாது. சூப்புக்கு 'ஹோ யாம்', சோற்றுக்கு 'ஹோ செக்'.

ஹாங்காங்கின் ச்சா ச்சான் தெங் உணவகங்களில் பரிமாறுபவர் சமையலறையைப் பார்த்து 'லெங் சாய்' என்று குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். அங்கே அது ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு.