பழைய ரேஸர் வி3 போனை மறுபடி எழுப்ப
2004-இல் வந்த மோட்டோரோலா ரேஸர் வி3 மடக்கு போன் வரிசை 13 கோடிக்கு மேல் விற்றது. 2007-க்குப் பின் தொடுதிரை போன்கள் அதை ஓரங்கட்டின. அலமாரியில் கிடக்கும் ஒன்றை எழுப்ப, முதலில் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. இது 2ஜி போன். அந்தச் சேவை நிறுத்தப்பட்ட இடங்களில் சிக்னல் வராது. நானோ சிம்முக்கு அடாப்டர் வேண்டும்.

விசைகள் ஒளிர்ந்தும் உள்திரை இருண்டிருக்கிறதா? பெரும்பாலும் கீல் வழியே திரைக்குப் போகும் ஃபிளெக்ஸ் கேபிள், அதாவது வளையக்கூடிய மெல்லிய பட்டைக் கம்பிதான் காரணம். திறந்து மூடி, மடிந்து மடிந்தே அது விண்டுபோகும். மெதுவாகத் திறக்கும்போது ஒரு கோணத்தில் மட்டும் படம் வந்தால் சந்தேகமே வேண்டாம். திரையை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள், பாவம் அது நன்றாகத்தான் இருக்கும், கேபிளை மாற்றுங்கள்.