கோதுமை எப்போது தீவனமாகிறது? அட்டவணையை நாமே படிக்கும் முறை

உலகத்தில் விளைகிற கோதுமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கோழி, பன்றி, மாடு இவற்றின் வயிற்றுக்குப் போகிறது. இந்தப் பங்கு ஒரு வருடம் ஏறும், அடுத்த வருடம் சறுக்கும். வரைபடத்தைப் பார்த்து "போக்கு மேல்நோக்கி இருக்கிறது" என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் அதனால் ஒன்றும் புரியாது. ஏனென்றால் பெரும்பாலான நாடுகளில் தீவனத் தொழிலின் நிரந்தர ஊழியர் மக்காச்சோளம்தான், கோதுமை அது லீவு போடும்போது வருகிற பதிலாள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு எக்ஸெல் தாளைத் திறந்து கொள்ளுங்கள், அரை மணி நேரம் போதும்.

முதல் படி: எண்ணை எடுப்பது

அமெரிக்க வேளாண்மைத் துறை மாதந்தோறும் உலகத் தானிய வரவுசெலவை இலவசமாக வெளியிடுகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தொடக்க இருப்பு, விளைச்சல், இறக்குமதி, உள்நாட்டுப் பயன்பாடு, ஏற்றுமதி, கடைசி இருப்பு என்று வரிசையாக இருக்கும். உள்நாட்டுப் பயன்பாட்டுக்குள் தீவனத்துக்கென்று தனிப் பத்தி உண்டு. அதைப் பத்து வருடத்துக்கு எடுங்கள், மக்காச்சோளத்துக்கும் அதே மாதிரி.

இங்கே ஒரு விஷயம். அமெரிக்கக் கணக்கில் அந்தப் பத்தியின் பெயர் "தீவனமும் மீதியும்". மாடு எவ்வளவு தின்றது என்று யாரும் போய் அளப்பதில்லை. மாவு அரவை, விதை, ஏற்றுமதி எல்லாம் போக இருப்புக் கணக்கில் இடிக்கிற மிச்சத்தைத் தீவனத்தோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் சில காலாண்டுகளில் அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். முதல் தடவை பார்த்தபோது மாடு தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதா என்று நான் குழம்பிப் போனேன். அதனால் காலாண்டு எண்ணை ரொம்ப நம்பாதீர்கள், முழு வருடத்தைப் பாருங்கள்.

இரண்டாம் படி: வருடத்தைச் சரிபார்ப்பது

இங்கே வருடம் என்பது ஜனவரியில் தொடங்குவதல்ல, அறுவடையிலிருந்து எண்ணுவது. அமெரிக்காவில் கோதுமை வருடம் ஜூனில் தொடங்குகிறது, மக்காச்சோள வருடம் செப்டம்பரில். இரண்டையும் ஒரே வரிசையில் ஒட்டினால் மூன்று மாதம் இடிக்கும். அந்த மூன்று மாதம்தான் சுவாரசியமானது என்பது வேறு கதை: புதுக் கோதுமை களத்துக்கு வந்திருக்கும், பழைய மக்காச்சோளம் தீரும் தறுவாயில் இருக்கும், அதனால் கோதுமை தீவனத்துக்குப் போவதானால் பெரும்பாலும் அப்போதுதான் போகும்.

மூன்றாம் படி: விலையை ஒப்பிடுவது

எல்லோரும் தப்பு செய்கிற இடம் இது. "கோதுமை மக்காச்சோளத்தைவிட விலை குறைந்தால்தான் தீவனமாகும்" என்று நினைக்கிறோம், அது பாதி உண்மை. கோதுமையில் புரதம் சுமார் 12 சதவீதம், மக்காச்சோளத்தில் சுமார் 8.5. அந்தக் கூடுதல் புரதத்தைத் தீவன ஆலை எப்படியும் சோயாப் புண்ணாக்காக வாங்க வேண்டியதுதான். கோழிக்குக் கிடைக்கும் எரிசக்தியில் கோதுமை பின்தங்குகிறது: கிலோவுக்கு சுமார் 3,100 கிலோகலோரி, மக்காச்சோளத்தில் சுமார் 3,350.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 91 கிலோ மக்காச்சோளத்தோடு 46 சதவீதப் புரதமுள்ள சோயாப் புண்ணாக்கு 9 கிலோ சேர்த்தால் 100 கிலோ கோதுமையின் புரதம் கிடைத்துவிடும். மக்காச்சோளம் கிலோ 1, புண்ணாக்கு கிலோ 2 என்று வைத்தால் கலவையின் செலவு 91 + 18 = 109. ஆனால் கலவையில் எரிசக்தி 5 சதவீதம் போலக் கூடுதல், அதைக் கழித்தால் 104 அளவில் நிற்கும். அதாவது 100 கிலோ மக்காச்சோளம் 100-க்கு விற்கும்போது 100 கிலோ கோதுமை 104-க்கு விற்றாலும் ஆலைக்கு நஷ்டமில்லை. புண்ணாக்கு விலை 2.5 ஆனால் இதே கணக்கு 108-க்குப் போகும். புண்ணாக்கு ஏறினால் கோதுமைக்கு மவுசு. அதனால் உங்கள் தாளில் இரண்டு விலை போதாது, மூன்று வேண்டும்.

நான்காம் படி: யார் தின்கிறார்கள்

கணக்கு ஒத்து வந்தாலும் வயிறு ஒத்துக்கொள்ள வேண்டும். கோதுமையில் அராபினோசைலன் என்ற நார்ப்பொருள் இருக்கிறது, அது கோழியின் குடலில் பசை போலக் குழைந்து செரிமானத்தைக் கெடுக்கும், எச்சம் ஒட்டலாகி கூளம் ஈரமாகும். சைலனேஸ் நொதியைத் தீவனத்தில் சேர்த்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது, கறிக்கோழிக்குக் கோதுமையைத் தாராளமாகப் போட வழிவிட்டது அதுதான். முட்டைக்கோழியில் வேறு சிக்கல்: கோதுமையில் மஞ்சள் நிறமி மிகக் குறைவு, ஆகவே கரு வெளுத்துப் போகும்.

மாடு என்றால் எச்சரிக்கை அதிகம். கோதுமை மாவுச்சத்து முதல் இரைப்பையில் மளமளவென்று நொதிக்கும், பழக்காமல் கொட்டினால் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். நைசாக அரைக்காமல் உடைத்து அல்லது நசுக்கி, இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அதனால் மாடு அதிகமுள்ள நாட்டில் விலை சாதகமானாலும் கோதுமை ஒரேயடியாக உள்ளே வராது. பன்றிக்கு இந்த வம்பு குறைவு, பூஞ்சை நஞ்சுக்குத்தான் அது சட்டென்று தீவனத்தை ஒதுக்கிவிடும்.

ஐந்தாம் படி: மழையைப் பார்ப்பது

அறுவடை நேரத்து மழை கதிரிலேயே கோதுமையை முளைக்க வைத்துவிடும். முளைவிட்டதை மாவு ஆலை தொடாது, தீவன ஆலை குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். 2023 மே கடைசியில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இதுதான் நடந்தது. மொத்த விளைச்சல் பெரிதாக அடிபடாத வருடத்திலும் தீவனப் பத்தி வீங்கியிருந்தால் தரத்தைச் சந்தேகப்படுங்கள்.

கடைசிப் படி: ஏறிய வருடத்துக்கு எதிரே ஒரு வரி

இப்போது தாளில் எண் குதித்த வருடங்களுக்கு மட்டும் காரணம் எழுதுங்கள். என் தாளில் இப்படி இருக்கிறது:

2012/13, அமெரிக்கா: கோடை வறட்சியில் மக்காச்சோளம் கருகியது, தீவனக் கோதுமை முந்தைய வருடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

2020/21, சீனா: பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு பண்ணைகள் மறுபடி நிரம்பின, மக்காச்சோளம் கோதுமையைவிட விலை ஏறியது, அரசு இருப்பிலிருந்த பழைய கோதுமை ஏலத்தில் தீவனத்துக்குப் போனது.

ஐரோப்பிய ஒன்றியம், எல்லா வருடமும்: விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இங்கே கோதுமை பதிலாள் இல்லை, நிரந்தரம். அதனால் இந்தக் கோட்டை மற்ற நாடுகளோடு கூட்டிச் சராசரி எடுக்காமல் தனி வண்ணத்தில் போட்டிருக்கிறேன்.