பயோமெடிக்கல் முடித்தாச்சு, அடுத்து எந்தப் பக்கம்?

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று குழம்புகிறவர்கள், கண்ணில் படும் வேலைக்கெல்லாம் விண்ணப்பிக்கும் முன், ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நோயாளியின் உடலுக்குள் மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃபியூஷன் பம்பையே எடுத்துக்கொள்வோம். மருந்து குறித்த வேகத்தில்தான் இறங்குகிறதா, குழாய் அடைத்தால் அலாரம் அடிக்கிறதா, மின்கசிவு இருக்கிறதா என்று மருத்துவமனையில் சோதிப்பவர் கிளினிக்கல் இன்ஜினியர். நர்ஸ்களுக்கு அதை இயக்கக் கற்றுத்தருபவர் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட். பேசப் பழகப் பிடித்தவர்களுக்கு நல்ல இடம். மோட்டார், சென்சார், மென்பொருள் என்று உருவாக்குவது வடிவமைப்புப் பிரிவு, அதற்கு கோடிங்கோ எலக்ட்ரானிக்ஸோ ஒன்றாவது ஆழமாகத் தெரிய வேண்டும்.

பலர் கண்டுகொள்ளாமல் விடுவது தரம், ஒழுங்குமுறை சார்ந்த வேலைகளை. தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 13485, ஆபத்து மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971, மின்சாதனப் பாதுகாப்புக்கு ஐஇசி 60601, இந்த மூன்று சர்வதேசத் தரநிலைகளும் எதற்கு என்று உதாரணத்தோடு விளக்கத் தெரிந்தாலே நேர்காணலில் உங்கள் மேல் ஒரு நம்பிக்கை வரும். ஆனால் நாள் முழுக்க ஆவணங்கள்தான், அது ஒத்துவராது என்றால் வேண்டாம்.

மேற்படிப்பா? ஆராய்ச்சிதான் ஆசை என்றால் சரி, உடனே சேருங்கள். மற்றவர்கள் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, எந்தத் துறை என்று தெளிவான பிறகு சேரலாம்.